பாதியில் நிற்கும் வாக்கியங்கள்

மும்பைக்கு வேலைக்குப் போன புதிதில் எனக்குத் தெரிந்த மராத்தி, காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் பஸ்ஸில் கொஞ்சம் உள்ளே நகரச் சொல்லவும் மட்டுமே போதுமானதாக இருந்தது. அந்த மூலதனத்தோடுதான் ஒரு சனிக்கிழமை மாலை அலுவலக நண்பர் ஒருவருடன் தாதர் சிவாஜி மந்திருக்கு நாடகம் பார்க்கப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வருவார். இடைவேளையில் அவருக்கு படாட்டா வடை வாங்கித் தருவது என் பொறுப்பு. இதுதான் ஒப்பந்தம்.

மராத்தி அரங்குகளில் மூன்று முறை மணி அடிப்பார்கள். ‘திஸ்ரீ கண்டா’, அதாவது மூன்றாவது மணி அடித்துவிட்டால் திரை விலகும். அதற்குப் பிறகு இருட்டில் தடவிக்கொண்டு வருகிறவர்களைச் சுற்றியிருப்பவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அன்று பார்த்தது மராத்தி நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’. ‘அமைதி! கோர்ட் நடக்கிறது’ என்று சொல்லலாம். ஒரு கிராமத்து மண்டபம். இரவில் நாடகம் போடுவதற்காக நகரத்திலிருந்து ஓர் அமெச்சூர் குழு வருகிறது. முதலில் வருபவள் லீலா பேணாரே, பள்ளி ஆசிரியை. உள்ளே நுழையும்போதே அவள் விரல் கதவின் தாழ்ப்பாளில் நசுங்குகிறது. வழிகாட்டி வந்த உள்ளூர்க்காரன் சாமந்த் பதறுகிறான். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரிக்கிறாள். நண்பர் இதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க அதில் என்ன இருக்கிறது?

பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். சமூக சேவகர் என்று சொல்லிக்கொள்ளும் காசீகர், அவர் மனைவி, வழக்கு வராத வக்கீல் சுகாத்மே, இன்டர் பரீட்சையில் தேறாத பொங்க்ஷே. எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள் போலவே இருக்கிறார்கள். இரவு நாடகத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பொழுதுபோக ஒரு பொய் வழக்கு நடத்திப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். பேணாரே உள்ளே போயிருக்கும் நேரத்தில் அவளையே குற்றவாளியாக்கலாம் என்று முடிவாகிறது. குற்றம்: சிசுக்கொலை. வெறும் விளையாட்டுத்தானே. அரங்கம் சிரித்தது. நண்பர் சிரிப்புக்கு நடுவே மொழிபெயர்த்தார். நானும் அரை நொடி தாமதமாகச் சிரித்தேன்.

சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறுகிறார்கள். நீதிபதி காசீகர் காது குடைந்துகொண்டே கேட்கிறார். விளையாட்டுக்குச் சொன்ன பொய்களின் இடுக்கு வழியாக உண்மை எட்டிப்பார்க்கத் தொடங்குகிறது. பேணாரேவுக்குத் திருமணம் ஆகவில்லை. அவள் கர்ப்பமாக இருக்கிறாள். அதற்குக் காரணமான பேராசிரியர் தாம்லே, குழுவில் ஒருவர், அன்று வரவில்லை. அவள் எழுந்து கதவுக்கு ஓடுகிறாள். தாழ்ப்பாள் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது, திறக்கவில்லை. முதல் காட்சியில் விரலை நசுக்கிய அதே தாழ்ப்பாள்.

நண்பர் எப்போது மொழிபெயர்ப்பதை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கைகளைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

அந்த நாடகத்தை ரங்காயன் குழு 1967 டிசம்பரில் முதன்முதலாக மேடையேற்றியது. இயக்கியவர் அர்விந்த் தேஷ்பாண்டே, பேணாரேவாக நடித்தவர் சுலபா தேஷ்பாண்டே. வில்லே பார்லேயில் பொய் வழக்கு நாடகம் ஒன்று நடத்தப் போய்க்கொண்டிருந்த ஓர் அமெச்சூர் குழுவைத் தெண்டுல்கர் தற்செயலாகச் சந்தித்தார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டபோதுதான் நாடகத்தின் உருவம் கிடைத்தது என்பார்கள். எனக்கு இது நம்பக்கூடியதாகவே இருக்கிறது. அவருடைய நாடகங்களைப் படிக்கும்போது, பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்ட ஒருவர் எழுதியது போலத்தான் தோன்றும்.

1928 ஜனவரி 6 அன்று பிறந்தவர். அப்பாவுக்குக் குமாஸ்தா வேலை. கூடவே சின்னதாக ஒரு பதிப்பகமும் நடத்தினார். ஆறு வயதில் முதல் கதை, பதினொரு வயதில் தானே எழுதி, இயக்கி, நடித்த முதல் நாடகம். பதினான்கு வயதில், 1942-இல், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கிப் பள்ளிப்படிப்பை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கல்லூரி வாசல் மிதிக்காமல், பத்திரிகை வேலையில் பிழைத்துக்கொண்டே எழுதினார். 1950-களில் வந்த ‘ஸ்ரீமந்த்’ நாடகத்தில், மணமாகாமல் கர்ப்பமான மகளுக்குப் பணம் கொடுத்து மாப்பிள்ளை வாங்கப் பார்க்கிறார் ஒரு பணக்காரத் தந்தை. பேணாரேவின் விதை அங்கேயே இருக்கிறது.

அவருக்கு முன்பிருந்த மராத்தி மேடையை நினைத்துப் பார்த்தால்தான் இவர் செய்தது புரியும். 1843-இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே போட்ட ‘சீதா சுயம்வர’த்திலிருந்து தொடங்கும் பாரம்பரியம் அது. சங்கீத நாடகம், அலங்கார வசனம், கைதட்டல் வாங்குவதற்கென்றே முடிவில் ஒரு ஏற்றம். தெண்டுல்கரின் பாத்திரங்களோ வாக்கியத்தை முடிப்பதே இல்லை. ஆரம்பிப்பார்கள், நிறுத்துவார்கள், வேறொன்றைப் பேசுவார்கள். அச்சுப் புத்தகத்தில் பக்கம் முழுக்கப் புள்ளிகள். மூன்று புள்ளி, நான்கு புள்ளி, சில இடங்களில் ஒரு வரி முழுக்கவே புள்ளிகள். சொல்ல வெட்கப்பட்டது, சொல்லப் பயந்தது, சொல்ல விடாமல் தடுக்கப்பட்டது எல்லாம் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கின்றன. மராத்தி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்த எனக்கு முதலில் எளிதாகப் புரிந்தவை புள்ளிகள்தான்.

பேணாரேவுக்கு ஒரு நீண்ட தனிமொழி உண்டு. அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். தீர்ப்புக்கு முன் குற்றவாளி ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்று நீதிபதி பத்து விநாடி தருகிறார். மற்ற எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க, அவள் பேசத் தொடங்குகிறாள். தன் உடலைப் பற்றி, காதலித்த மனிதர்களைப் பற்றி, பள்ளிக் குழந்தைகளைப் பற்றி, பக்கக்கணக்கில் பேசுகிறாள். பேசி முடித்ததும் அசைவு திரும்புகிறது. நேரம் முடிந்துவிட்டது, குற்றவாளி எதுவும் சொல்லவில்லை என்று பதிவாகிறது. நாடகத்திலேயே முழுமையான வாக்கியங்கள் அங்கேதான் இருக்கின்றன. கேட்டது பார்வையாளர்கள் மட்டும்தான்.

மேடையில் பேசவிடாமல் செய்வதைப் பற்றி எழுதியவரை மேடைக்கு வெளியேயும் பேசவிடவில்லை. ‘கிதாடே’, அதாவது ‘கழுகுகள்’, 1960-களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டாலும் 1970-இல்தான் ஸ்ரீராம் லாகூ அதை மேடையேற்ற முடிந்தது. சொத்துக்காக அப்பனையும் தங்கையையும் கொத்தித் தின்னும் ஒரு குடும்பத்தின் கதை. தங்கையின் கரு கலைக்கப்படும் காட்சியில் அவள் சேலையில் இரத்தக் கறை. சிவப்புக் கறை கூடாது என்றது தணிக்கை. குழுவினர் கறையை நீலமாக்கிவிட்டார்கள். நாடகம் தொடங்கும் முன்பு ஓர் அறிவிப்பும் செய்தார்கள்: தணிக்கையின் உத்தரவுப்படி கறையை நீலமாக்கியிருக்கிறோம், அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தணிக்கையாளர்கள் தடுத்திராவிட்டால் அந்தக் கறையைப் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1972-இல் வந்த ‘சகாராம் பைண்டர்’ இன்னும் பெரிய வழக்கு. சகாராம் அச்சகத்தில் புத்தகம் பைண்டு செய்பவன். கணவன்கள் கைவிட்ட பெண்களை வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்துக்கொள்வான். தாலி இல்லை, பொய் இல்லை, சோறும் துணியும் உண்டு, பிடிக்காவிட்டால் போகலாம். இதுதான் அவன் சட்டம். ‘உங்கள் கல்யாணத்தைவிட இது நேர்மையானது’ என்று பார்வையாளர்களின் முகத்தில் அறைவது போல அவன் பேசும்போது, மறுத்துச் சொல்ல வாய் வராது. அதே சமயம் அவன் கை ஓங்குவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு இந்த நாடகத்தில் மறக்க முடியாதது ஓர் எறும்பு. சகாராம் கூட்டி வந்த ஏழாவது பெண் லக்ஷ்மி, பக்தியும் விரதமுமாக இருப்பவள். அடி வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காத அவள், யாரும் இல்லாத நேரத்தில் தரையில் ஊரும் ஒரு கறுப்பு எறும்போடு பேசுகிறாள், கொஞ்சுகிறாள், சர்க்கரை போடுகிறாள். ‘ஐயோ பாவம்’ என்று நாம் உருகிவிடுகிறோம். இதே லக்ஷ்மிதான் கடைசியில், சகாராம் தனக்குப் பிறகு கூட்டி வந்த சம்பாவை ஆத்திரத்தில் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகு, பதறாமல் குழி தோண்டச் சொல்கிறவள். எறும்புக்குச் சர்க்கரை வைத்த கை அது. தெண்டுல்கர் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

நிலூ ஃபுலே சகாராமாகவும் லாலன் சாரங் சம்பாவாகவும் நடித்த அந்த நாடகத்தில் 32 வெட்டுகள் கேட்டது தணிக்கைக் குழு. இயக்குநர் கமலாகர் சாரங் பம்பாய் உயர்நீதிமன்றம் போனார், வென்றார்.

அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று புணேயில் ‘காசிராம் கோத்வால்’ அரங்கேறியது. இதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். மராட்டியரை ஆண்ட பேஷ்வாக்களின் புணேயில் நானா ஃபட்னவீஸ் பெரும் செல்வாக்குடைய அமைச்சர். அவர் காலத்தில் கோத்வாலாக, அதாவது நகரக் காவல் தலைவனாக இருந்தவன் வடக்கிலிருந்து வந்த காசிராம். 1791 ஆகஸ்டில், தெற்கேயிருந்து தட்சிணை வாங்க வந்திருந்த பிராமணர்களைப் பிடித்து ஒரு சிற்றறையில் அடைக்க, பலர் மூச்சுமுட்டி இறந்தார்கள். ஊர் கொதித்தது. காசிராமைக் கல்லால் அடித்துக் கொன்றது கூட்டம்.

தெண்டுல்கர் இந்த எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு தன் கதையைச் செய்தார். புணேயில் அவமானப்பட்ட ஏழை காசிராம், இந்த ஊரைப் பன்றிகளின் ராஜ்யமாக்குவேன் என்று சபதம் செய்கிறான். நானாவின் கண் தன் மகள் கௌரியின் மேல் விழுந்திருப்பதைப் பார்த்து, அவளைக் கொடுத்துப் பதவி வாங்குகிறான். மகள் இறக்கிறாள். இவனுக்கு வெறி ஏறுகிறது. பயன்பட்டவரை பயன்படுத்திவிட்டு, கூட்டம் கேட்டதும் அவனைக் கூட்டத்திடமே விட்டுவிடுகிறார் நானா. காசிராம் சாகிறான், நானாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சொன்ன விதம்தான் இன்றும் வியக்க வைக்கிறது. பன்னிரண்டு பிராமணர்கள் தோளோடு தோள் நின்று பாடி ஆடும் ஒரு மனிதச் சுவர். முகம் காட்டினால் ஊர், முதுகு காட்டினால் திரை, பிரிந்தால் தோட்டம். நானா சுவருக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். சுவர் பஜனை பாடிக்கொண்டிருக்கும். பாஸ்கர் சந்தாவர்கர் இசை, ஜப்பார் படேல் இயக்கம், நானாவாக மோகன் ஆகாஷே. கீர்த்தனையும், மராட்டிய நாட்டார் கலைகளான லாவணியும் தமாஷாவும் தசாவதாரமும் கலந்த ஆட்டம். ஆட்டம் அழகாக இருப்பதாலேயே, நாம் எதை ரசித்துக்கொண்டிருக்கிறோம் என்று நடுவில் திடுக்கிட வேண்டியிருக்கிறது.

நானாவை அவமதித்துவிட்டார்கள், பிராமணர்களை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. 19 காட்சிகளோடு, மேடையேற்றிய அமைப்பே நாடகத்தை நிறுத்தியது. ஜப்பார் படேலும் நண்பர்களும் வெளியேறி ‘தியேட்டர் அகாடமி’ என்ற புதிய குழுவைத் தொடங்கி, 1974-இல் நாடகத்தை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1980-இல் ஐரோப்பாவுக்கே போய்வந்தது. இது வரலாற்று நாடகம் இல்லை, காசிராம்களும் அவர்களை வளர்த்துவிடுகிறவர்களும் எந்தக் காலத்திலும் இருப்பார்கள் என்பதுதான் தெண்டுல்கர் சொன்ன பதில். சிவசேனை வளர்ந்துவந்த மும்பையில் உட்கார்ந்துகொண்டு அவர் எதைப் பார்த்து இதை எழுதினார் என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த அரசியலின் முதல் அடியை வாங்கியவர்களில் மும்பையின் மாட்டுங்காவிலும் சயானிலும் இருந்த நம் தமிழ் ஆட்களும் உண்டு.

எல்லா இடத்திலும் அவர் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. 1983-இல் வந்த ‘கன்யாதான்’ எனக்கு இன்றும் நெருடல். சோஷலிச அரசியல்வாதி நாத் தேவளாலிகரின் மகள் ஜ்யோதி, அருண் ஆட்டவலே என்ற தலித் கவிஞனை மணக்கிறாள். சாதியை ஒழிக்கும் பரிசோதனை என்று அப்பாவுக்குப் பெருமை. அருண் குடித்துவிட்டு அவளை அடிக்கிறான். தலித் இலக்கியம் அப்போதுதான் மராத்தியில் தலைநிமிர்ந்து நின்ற காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தலித் கவிஞனை மனைவியை அடிப்பவனாக மேடையேற்றியதற்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் மேல் செருப்பு வீசப்பட்டது. பின்னாளில் இதே நாடகத்துக்குத்தான் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. செருப்பும் இந்த நாடகத்துக்குத்தான் கிடைத்தது என்று விருது மேடையிலேயே நினைவுகூர்ந்தார். ஆனால் கடைசிக் காட்சியில், தன் லட்சியத்துக்கு மகளைப் பலிகொடுத்த அப்பாவை ஜ்யோதி நிற்கவைத்துக் கேட்கும் கேள்விகளுக்காக இந்த நாடகத்தைத் தூக்கிப்போடவும் முடியவில்லை.

‘கமலா’ அப்படி நெருடாது. பெண்கள் விற்கப்படுகிறார்கள் என்று நிரூபிக்க, டெல்லிப் பத்திரிகையாளர் ஒருவர் நிஜமாகவே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கிய சம்பவத்திலிருந்து பிறந்தது. நாடகத்தில் நிருபர் ஜெய்சிங் 250 ரூபாய்க்கு வாங்கிய கமலாவை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அன்றிரவு கமலா, ஜெய்சிங்கின் படித்த மனைவி சரிதாவிடம் இயல்பாகக் கேட்கிறாள்: உன்னை எவ்வளவுக்கு வாங்கினார்? நாடகத்தின் மிச்சமெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு அடியில்தான் நடக்கிறது.

சினிமாவுக்கு வந்தபோது, வசனத்தால் பெயர் வாங்கிய ஆள் என்ன செய்வார் என்று எதிர்பார்ப்போம்? ‘ஆக்ரோஷ்’ (1980) பாருங்கள். கோவிந்த் நிஹலானியின் முதல் படம், திரைக்கதை தெண்டுல்கர். மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆதிவாசி லஹான்யா பிக்கு, தன் வக்கீலிடம்கூட வாய் திறப்பதில்லை. ஓம் புரி படம் முழுக்கக் கண்ணாலேயே நடித்திருப்பார். மேடையில் புள்ளிகளாக இருந்தது இங்கே ஒரு மனிதனின் முகமாகிவிட்டது. கடைசியில் அவன் எழுப்பும் அலறலை விவரிக்க எனக்குத் துணிவில்லை.

ஷ்யாம் பெனகலின் ‘நிஷாந்த்’, ‘மந்தன்’ இரண்டிலும் அவர் எழுத்து உண்டு. குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த ‘மந்தன்’ படத்துக்காகச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது பெற்றார். ‘அர்த் சத்யா’வைத் தூர்தர்ஷன் புண்ணியத்தில் நம்மில் பலர் இந்தி தெரியாமலேயே பார்த்திருப்போம். மராத்தியில் ஜப்பார் படேலுக்கு எழுதிய ‘சிம்மாசன்’, ‘உம்பர்த்தா’ எல்லாம் தனித்தனியே எழுத வேண்டியவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘சாம்னா’வில் சர்க்கரை ஆலை முதலாளியின் ஊருக்கு வந்துசேரும் ஒரு குடிகாரக் கிழவர், திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பார்: மாருதி காம்ப்ளேவுக்கு என்ன ஆச்சு? பதில் சொல்லப்படாத எந்த விஷயத்துக்கும் மராத்திக்காரர்கள் இன்றும் இதைக் கேட்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் வராத போனஸ் பற்றிக்கூடக் கேட்டார்கள்.

வன்முறையைப் பற்றி ஆராய 1973 முதல் 1975 வரை நேரு ஃபெலோஷிப் பெற்றவர் அவர். வன்முறை மனிதனுக்கு வெளியே இருந்து வருவதில்லை என்பது அவருடைய முடிவு. 2002 குஜராத் கலவரத்துக்குப் பிறகு, கையில் துப்பாக்கி இருந்தால் அன்றைய முதலமைச்சரைச் சுட்டுவிடுவேன் என்று சொல்லிப் பெரும் சர்ச்சையில் சிக்கினார். பிறகு, அது கோபத்தில் வந்தது, கோபம் எதையும் தீர்க்காது என்றார். தன் ஆராய்ச்சிக்குத் தானே ஓர் உதாரணமாகிப்போனார்.

அந்த ஆண்டுகள் அவருக்கு வேறு வகையிலும் கொடியவை. 2001-இல் மகன் ராஜாவும் மனைவி நிர்மலாவும் இறந்தார்கள். 2002 செப்டம்பரில் மகள் பிரியா போனார். ‘ரஜனி’ தொடரில் ஊர் அநியாயத்தையெல்லாம் தட்டிக்கேட்ட அதே பிரியா தெண்டுல்கர். அதற்குப் பிறகும் எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு நாடகம்கூட எழுதினார். தசைகளைத் தளர்த்தும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயோடு போராடி, 2008 மே 19 அன்று புணேயில் காலமானார்.

நாடகம் பார்த்த சில மாதங்களுக்குப் பிறகு, ஃபோர்ட் பகுதியின் நடைபாதைப் புத்தகக் கடையில் ‘சாந்ததா’வின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது. யாரோ ஒரு நடிகரோ இயக்குநரோ பயன்படுத்தியது. வசனங்களுக்கு அடியில் ஒரு கோடுகூட இல்லை. புள்ளிகளுக்கு மேலேதான் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள் போட்டிருந்தார்: 2, 3, ஓர் இடத்தில் 7. எத்தனை விநாடி பேசாமல் நிற்க வேண்டும் என்ற கணக்கு. எழுத்துக்கூட்டிப் படித்தபடி நானும் அந்த விநாடிகளை எண்ணினேன்.

கடைசிப் பக்கத்தில், வழக்கு முடிந்து எல்லாரும் ஒன்றுமே நடக்காதது போல ஒப்பனைக்குப் போகிறார்கள். பேணாரே மேசைமேல் சாய்ந்து அசையாமல் கிடக்கிறாள். சாமந்த் மட்டும் கதவருகே தயங்கி நிற்கிறான். தன் வீட்டுக் குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த பச்சைத் துணிக்கிளியை எடுத்து, கிட்டே போய் நிற்கக் கூச்சப்பட்டு, தள்ளி நின்றே அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அந்த இடத்தில் பென்சில் எண் எதுவும் போடவில்லை. ஓரத்தில் ‘ஹளூ, ஹளூ’ என்று மட்டும் எழுதியிருந்தது. மெதுவாக, மெதுவாக.